கிறிஸ்துமஸுக்குச் சின்னச் சின்னப் பரிசு: யாருக்கு என்ன, எப்படித் தேர்ந்தெடுப்பது

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் புதுத்துணி, பலகாரம், பிரியாணி எல்லாம் தானாக நடந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று ஒரு முறை உண்டு. தனித்தனி ஆளுக்கென்று யோசித்துப் பரிசு கொடுப்பதுதான் பலருக்குப் புதுசு. முதல் சம்பளம் வாங்கியிருக்கிற பிள்ளைகள், கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மருமகளாகவோ மருமகனாகவோ வந்து முதல் கிறிஸ்துமஸைப் பார்க்கப் போகிறவர்கள், ஆபீஸில் கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட் என்ற ரகசியப் பரிசு விளையாட்டுக்குச் சீட்டு எடுத்துவிட்டு என்ன வாங்குவது என்று முழிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிடித்துக்கொண்டிருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்த ஆள் ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒரு காரியத்துக்குப் பரிசு உதவ வேண்டும். ஷோகேஸில் வைக்கிற பொம்மை மூன்றாம் நாள் கண்ணில் படாமல் போய்விடும். விடிந்ததும் காபி குடிக்கிற டம்ளர் அப்படிப் போகாது. கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் பட்டியல், பிறகு கடை

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்கள், வெளியூரில் இருப்பவர்கள், பலகாரத் தட்டு கொடுத்து வாங்குகிற பக்கத்து வீடுகள், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆபீஸ் நண்பர்கள் என்று பிரித்து எழுதினால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

அப்புறம் பணம். மொத்தத்தை ஆள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டாம். 12 பேருக்கு 3,000 ரூபாய் வைத்திருக்கிறீர்கள் என்றால், முதலில் 400 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். கிஃப்ட் பேப்பர், டேப், தபால் செலவு எல்லாம் அதில்தான். புதிதாகச் செய்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் கடைசியில் கையைப் பிசைவார்கள். மீதி 2,600 ரூபாயில் ஒருவருக்கு 100 ரூபாயும் இன்னொருவருக்கு 400 ரூபாயும் ஆனால் தப்பே இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பில் வாங்குங்கள். பெரியவர்கள் விலையைப் பார்க்க மாட்டார்கள், பிள்ளைகள் பெட்டியின் அளவைக்கூடப் பார்ப்பார்கள்.

சின்னப் பரிசில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறவருக்கு அது பாரமாக இருக்காது. 3,000 ரூபாய்ப் புடவை கொடுத்தால் சித்தி பதிலுக்கு என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 150 ரூபாய்ப் பொருளை வாங்கிச் சிரித்தபடி அப்போதே பயன்படுத்தத் தொடங்குவார்.

நவம்பர் கடைசியில் கவனிக்கத் தொடங்குங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். முதல் ஞாயிறு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். வீடுகளில் நட்சத்திரம் கட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். அந்த வாரத்திலிருந்து உங்கள் பட்டியலில் இருப்பவர்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

எதை ரப்பர் பேண்ட் போட்டுச் சமாளிக்கிறார்கள்? எதை அடுத்தவரிடம் கேட்டு வாங்குகிறார்கள்? எதைப் பற்றி "இதுவே போதும், இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்கிறார்கள்? மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அத்தையின் வேதாகம உறையில் ஜிப் பிய்ந்திருக்கும். தங்கை ஹாஸ்டலில் தோழியின் சார்ஜரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பாள். நடுத்தர வயதுக்காரர்கள், குறிப்பாக நம் அம்மாக்கள், தங்களுக்கென்று நூறு ரூபாய் செலவழிக்க ஆயிரம் தடவை யோசிப்பார்கள். அப்படித் தள்ளிப்போட்ட பொருள்தான் மிகச் சிறந்த பரிசு.

கண்டுபிடித்ததை உடனே போனில் குறித்து வையுங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று நேராகக் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்ற பதில்தான் வரும்.

எந்தச் சபை, என்ன வழக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்தவ வழக்கங்களுக்குப் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எல்லாக் கிறிஸ்தவ வீடுகளும் ஒன்றுபோல இருக்காது.

செபமாலை கத்தோலிக்கர்களுக்கு மிகவும் நெருக்கமான பொருள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபை வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைக்கச் சின்னச் சொரூபங்கள் வாங்குவதாக இருந்தாலும் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். வேதாகமத்திலும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள், புராட்டஸ்டன்ட் பதிப்பில் 66. மொழிபெயர்ப்பும் வேறு. பாட்டுப் புத்தகமும் சபைக்குச் சபை மாறும். பாட்டிக்குப் பெரிய எழுத்தில் வேதாகமமோ கீர்த்தனைப் புத்தகமோ வாங்க நினைத்தால், அவர் கோயிலுக்கு எடுத்துப் போகிற பிரதியின் முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் கடையில் காட்டுங்கள். குழப்பம் வராது.

பெந்தெகொஸ்தே சபைக் குடும்பங்கள் பலவற்றில் நகை போடுவதில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கம்மலோ வளையலோ வாங்கிப் போய் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். கிறிஸ்துமஸே கொண்டாடாத சபைகளும் இருக்கின்றன. அவர்களுக்குப் புத்தாண்டையொட்டிக் கொடுக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு

தினமும் ஒரு தாள் கிழிக்கிற வசனக் காலண்டர் வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும். விலையும் அதிகமில்லை. ஆனால் அது பல இடங்களிலிருந்து வரும் என்பதால் வீட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேதாகமத்துக்குப் புது உறை, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடும் கயிறு, கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி, இருட்டோடு ஆராதனைக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு சின்ன டார்ச், இவையெல்லாம் சின்னப் பொருள்கள்தான். அவர்கள் ஒரு நாள்கூட இவற்றைத் தொடாமல் இருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பெயர் வெட்டிய எவர்சில்வர். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். அதையே ஒற்றை டம்ளரிலோ சின்னச் சம்படத்திலோ செய்து பாருங்கள். பாத்திரக் கடைகளில் அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள். பெயரையும் "கிறிஸ்துமஸ் 2025" என்று வருஷத்தையும் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் எழுத்து மாறிவிட வாய்ப்பு உண்டு. வெட்டிய பிறகு திருத்த முடியாது. பேரப்பிள்ளை பெயர் வெட்டிய டம்ளரில் தாத்தா காபி குடிப்பார், பேரன் தாத்தா பெயர் வெட்டிய டம்ளர்தான் வேண்டும் என்று சண்டை போடுவான். கூட்டம் அதிகமாகும் முன்பே, டிசம்பர் பாதிக்குள் இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது போட்டோ. எல்லோருடைய போனிலும் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது, பாட்டியின் கையில் ஒன்றுகூட இல்லை. நல்லதாக ஒன்றிரண்டைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். 4×6 அங்குலப் படம் தெளிவாக வர 1200×1800 பிக்சல் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கியிருக்கும், அதனால் எடுத்தவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய கல்யாணப் படத்தைப் பிரதி எடுப்பதாக இருந்தால், முடிந்தால் ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். கண்ணாடியோடு எடுத்தால் உங்கள் கையும் போனும்தான் படத்தில் தெரியும். பிரிண்டின் பின்பக்கம் படத்தில் இருப்பவர்களின் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய மார்க்கரால் எழுதி, மை காய்ந்த பிறகு கவரில் போடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கும்போதும் அதைத் தேடிப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மணி, சின்னச் சக்கரம், கழன்று வரும் கண் இருக்கிற பொம்மை வேண்டவே வேண்டாம். எரிகிற லைட்டோடு வரும் மலிவு விலைப் பொம்மைகளில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அம்பாசமுத்திரம் மரச்சொப்பு இந்தப் பக்கத்துக்கே உரிய அழகான பொருள். அடுப்பு, குடம், உரல், தட்டு என்று குட்டி அடுக்களையே அதில் இருக்கும். சாமான்கள் சின்னதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல கலர் பென்சிலும் தடித்த தாள் உள்ள ஒரு நோட்டும் போதும். அப்படிக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் நீங்களே ஏதாவது வரைந்து கொடுங்கள்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு

இங்கே பணம்தான் நல்ல பரிசு. அதை 24ஆம் தேதி ராத்திரி கொடுக்காமல் 15, 16 தேதிக்கே புது உறையில் போட்டுக் கொடுத்தால், அவர் தன் வீட்டுக்கு வேண்டியதை நிதானமாக வாங்க முடியும். உடுத்திய துணியைப் பரிசென்று கொடுக்காதீர்கள். கூடவே வைக்கிற பலகாரம் நாம் சாப்பிடுகிற அதே பலகாரமாக இருக்கட்டும்.

ஆபீஸில் கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட்

சீட்டில் வந்த பெயருக்கு யாரென்று தெரியாமல் சில நாள் சின்னச் சின்னதாகக் கொடுத்து, கடைசி நாளில் வெளிப்படுத்துவதுதான் விளையாட்டு. பலர் முழுத் தொகையையும் கடைசி நாள் பரிசில் போட்டுவிட்டு நடுவில் ஒன்றுமே செய்ய மாட்டார்கள். கடைசி நாளுக்குப் பாதி, நடு நாட்களுக்குப் பாதி என்று பிரியுங்கள். மேஜையில் இரண்டு கமர்கட்டும் ஒரு துண்டுச் சீட்டும், மறுநாள் ஒரு பேனா, அதற்கடுத்த நாள் அவருக்குப் பிடித்த கடையின் பஜ்ஜி என்று போனால் அந்த வாரமே களைகட்டும். சென்ட், சோப்பு, உடம்பு இளைக்கும் பவுடர் வகையறாக்களைத் தவிர்ப்பது நல்லது. கொடுத்தவர் மனதில் எதுவும் இல்லாவிட்டாலும் வாங்கியவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள இடம் உண்டு. காபி மக் அவரிடம் ஏற்கெனவே நான்கு இருக்கும்.

தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால்

நம் ஊர்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய், உடன்குடி கருப்பட்டி, முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் செய்கிற தூத்துக்குடி மக்ரூன், நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்து, எதை எடுத்தாலும் நன்றாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது முட்டை. கேக்கில் முட்டை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், மக்ரூனிலும் பல வீட்டு அச்சு முறுக்கிலும் இருக்கிறது என்பது சைவ நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்குப் பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்த முந்திரிக்கொத்து நல்லது, எண்ணெயில் பொரித்ததால் பல நாள் கெடாமலும் இருக்கும். இரண்டாவது, பிளம் கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறப்போட்டார்களா, திராட்சைச் சாற்றிலா என்று கேளுங்கள். மதுவை வீட்டுக்குள்ளேயே சேர்க்காத குடும்பங்கள் நிறைய உண்டு. மூன்றாவது சர்க்கரை வியாதி. கருப்பட்டி சீனியைவிட நல்லது என்று நினைத்துச் சர்க்கரை வியாதி உள்ள பெரியப்பாவுக்குக் கருப்பட்டிப் பலகாரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவருக்கு வறுத்த முந்திரியோ வேர்க்கடலையோ கொடுங்கள்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. மக்ரூன் ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் இருந்தாலே பிசுபிசுத்துவிடும், கருப்பட்டி கசியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டே கொடுங்கள். டப்பாவும் அவர்களுக்குப் பிறகு உதவும்.

மழை என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் பரிசு என்றால் போர்வை, பாய், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், சமையல் பாத்திரம்தான். உறவில் யார் வீட்டிலாவது அப்படிப்பட்ட இழப்பு வந்திருந்தால், பட்டியலில் இருக்கிற நான்கு பேரின் பரிசைச் சேர்த்து அந்த ஒரு வீட்டுக்குத் தேவையானதை வாங்கிக் கொடுங்கள். மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

உள்நாட்டுத் தபால் என்றாலும் டிசம்பர் 15க்குள் அனுப்பிவிடுங்கள். உடையக்கூடியதைத் துணியில் சுற்றி, பெட்டி குலுங்காத அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். முகவரியைப் பெட்டிக்குள்ளேயும் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். மழையில் வெளி முகவரி அழிந்தாலும் இது கைகொடுக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பார்சலில் உள்ளே இருப்பது என்ன, அதன் மதிப்பு என்ன என்று சுங்கப் படிவத்தில் எழுத வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு மசாலாவோ பலகாரமோ கொடுத்துவிட்டால் அதில் கசகசா இல்லவே இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அதற்குத் தடை உண்டு, கொண்டுபோனவர்தான் மாட்டிக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் உணவு, விதை, மரப்பொருள், பாய் போன்றவற்றைக் கடுமையாகச் சோதிப்பார்கள். பத்தமடைக் கோரைப்பாயில் செய்த பை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே அனுப்பும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள். ஊருக்கு வந்து திரும்புகிறவரிடம் பவர் பேங்க் கொடுத்துவிட்டால், அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு எடை இல்லாத பரிசும் இருக்கிறது. அம்மா அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற பக்குவத்தை அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். "கொஞ்சம்", "கண்ணளவு" என்றுதான் முதலில் சொல்வார். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று அளந்து, எத்தனை ஆழாக்கு மாவு, எவ்வளவு வெல்லம் என்று நீங்கள் சொல்ல அவர் எழுதட்டும். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இந்த ஒரு தாள் போதும். பாட்டி ஒரு கீர்த்தனை பாடுவதைக் காலையில் ஊர் சத்தம் அடங்கிய நேரமாகப் பார்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை அருகில் வைத்துப் பதிவு செய்து அனுப்பலாம்.

சுற்றுவதும் எழுதுவதும்

விலைச் சீட்டை எடுத்துவிடுங்கள். துணி என்றால் பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள், அளவு சரியில்லாவிட்டால் மாற்றலாம். பளபளக்கும் தாள் வாங்க வேண்டும் என்றில்லை. காக்கித் தாளும் சணல் கயிறும் மல்லிகைப்பூ ஒரு முழமும் போதும்.

சீட்டில் "அன்புடன்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரியைச் சேருங்கள். "மாமா, நீங்க கண்ணாடியைத் தேடுறதைப் பார்த்துட்டே இருந்தேன். இனி இந்தக் கூட்டுக்குள்ளதான் வைக்கணும்." இப்படி எழுதினால் போதும். நீங்கள் அவரைக் கவனித்தீர்கள் என்பது அந்த வரியில்தான் அவருக்குத் தெரிகிறது. பரிசை எடுத்து வைத்துவிட்டு இந்தச் சீட்டை வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிற பெரியவர்கள் நிறைய.

துக்க வீடு

அந்த வருஷத்தில் சாவு நடந்த வீட்டில் பெரும்பாலும் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். புதியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். எடுக்காதீர்கள். வண்ணத் தாளும் ரிப்பனும் இல்லாமல், ஒரு டப்பாவில் பலகாரமோ இறந்தவரின் நல்ல படம் ஒன்றின் பிரிண்டோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். படம் கொடுப்பதாக இருந்தால் அந்த வீட்டில் ஒருவரிடம் முன்னமே சொல்லிவிடுவது நல்லது. 25ஆம் தேதி அவர்களுக்குப் பெரிய பாரமாக இருக்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போனால் மனம் விட்டுப் பேசுவார்கள்.

நாள் தப்பிவிட்டால்

சில பரிசு 25ஆம் தேதிக்குள் கைக்கு வராது. அதற்காக அவசர அவசரமாக வேறொன்றை வாங்க வேண்டாம். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் குழந்தை இயேசுவுக்குக் கொடுத்ததை நினைவுகூரும் மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6ஆம் தேதி. அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் காலம்தான். பெயர் வெட்டுகிற இடத்திலும் ஸ்டூடியோவிலும் அந்த வாரம் கூட்டம் குறைந்திருக்கும், நிதானமாகச் செய்து கொடுப்பார்கள்.